ஓய்ந்திருப்பதும் விசுவாசமே



மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருப்போரை வலிக்கு அடுத்தபடியாக வருத்துவது ஒரு குற்றவுணர்வு. பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட ஆளில்லை, கடை பூட்டிக் கிடக்கிறது, வயலில் களை மண்டுகிறது, நானோ இங்கே சும்மா கிடக்கிறேன் என்று அவர்களுடைய உள்ளம் தன்னைத்தானே இடித்துரைக்கிறது. கட்டிலின் அருகில் அமர்ந்திருப்போருக்கோ வேறொரு குற்றவுணர்வு. கண் அயர்ந்தால் அன்பு குறைந்துவிட்டதாக ஆகுமோ, ஓர் இரவு வீட்டுக்குப் போய்க் குளித்து உறங்கி வந்தால் உறவினர் ஏதேனும் சொல்வார்களோ என்று அவர்கள் அஞ்சுகிறார்கள்.

இவ்விரு சாராரிடமும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஓய்வு என்பது வாழ்க்கை தடைப்பட்டு நிற்கும் வெற்று நேரம் அன்று. நம்மால் இயலாத வேளையிலும் தேவன் நம்மைப் போஷிக்கிறார் என்று ஒப்புக்கொள்ளும் செயல் அது. ஆகவே அதுவும் விசுவாசமே. புதிய தொடக்கங்கள் பெரும்பாலும் அங்கிருந்தே பிறக்கின்றன. இம்மடலை வாசிப்போரில் பல சமயத்தாரும் இருப்பதை அறிவேன். கிறிஸ்தவ வேதத்திலிருந்து எடுத்துச் சொல்வன எனினும், உடல் சோர்ந்து மனம் கலங்கிய எவருக்கும் இவை அந்நியமாயிரா என்று நம்புகிறேன்.

சூரைச்செடியின் கீழே

எலியா தீர்க்கதரிசியைக் கேள்விப்படாத கிறிஸ்தவர் இல்லை. கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேருக்கு எதிரே தனியொருவராக நின்றவர் அவர். நெடுநாள் வறட்சிக்குப் பின் மழைக்காக முழங்காலில் தலைதாழ்த்தி ஜெபித்தவரும் அவரே. ஆனால் அந்த வெற்றிக்கு அடுத்த அதிகாரத்தில் நாம் காணும் எலியா வேறொருவர். யேசபேல் அரசியின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடுகிறார். தம் வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒருநாள் வழி தனியே நடக்கிறார். ஒரு சூரைச்செடியின் கீழே அமர்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்ற பொருளில் மன்றாடுகிறார்.

அந்த மன்றாட்டுக்குத் தேவன் எவ்வாறு பதிலளித்தார் என்பதைக் கவனியுங்கள். விசுவாசம் எங்கே போயிற்று என்று கடிந்துகொள்ளவில்லை. உன்னைவிடத் துன்பப்படுவோர் உண்டு என்று ஒப்பிட்டுக் காட்டவில்லை. எலியா உறங்குகிறார். தூதன் அவரைத் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். தலைமாட்டில் தணலில் சுட்ட அடையும், பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. அவர் உண்டு குடித்து மறுபடியும் படுத்துக்கொள்கிறார். அதற்காகவும் எவரும் அவரைக் குறை கூறவில்லை. இரண்டாம் முறையும் தூதன் வந்து எழுப்புகிறான். இன்னும் போகவேண்டிய வழி நெடிது, ஆகவே சாப்பிடு என்கிறான். அந்த உணவின் பலத்தால் எலியா 40 நாள் நடந்து ஓரேப் மலையை அடைகிறார்.

வரிசை இதுதான்: முதலில் உறக்கம், பிறகு உணவு, மீண்டும் உறக்கம், மீண்டும் உணவு. அதன் பின்னரே பயணம். பயணத்தின் முடிவில்தான் தேவனோடு உரையாடல். நாமோ இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறோம். நோயாளியைப் பார்க்க வருவோர் உள்ளே நுழைந்த உடனே அறிவுரையைத் தொடங்குகிறார்கள். தைரியமாக இருக்கவேண்டும், விசுவாசத்தில் தளரக்கூடாது என்கிறார்கள். நல்லெண்ணத்தோடு சொல்லும் சொற்களே அவை. ஆயினும் மூன்று இரவுகள் உறங்காத ஒருவருக்கு அவ்வேளையில் தேவையானது உபதேசம் அன்று. ஒரு தம்ளர் கஞ்சியும், அறையில் அமைதியும், ஒரு மணி நேர உறக்கமுமே. இதைக் கொண்டுவருகிறவர் அந்தத் தூதனின் வேலையைச் செய்கிறார்.

அன்றன்றைக்கு வேண்டிய அளவு

எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளிவந்த இஸ்ரவேலருக்கு வனாந்தரத்தில் மன்னா கிடைத்த வரலாறு யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில் உள்ளது. ஆளுக்கு ஓர் ஓமர் அளவு சேர்த்துக்கொள்ளவேண்டும். மிகுதியாகச் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை; கொஞ்சமாகச் சேர்த்தவனுக்குக் குறையவுமில்லை. நாளைக்கு என்று பதுக்கி வைத்தது புழுப்பிடித்து நாறியது. ஆனால் ஆறாம் நாளில் மட்டும் இரட்டிப்பாகக் கிடைத்தது, அது கெடவுமில்லை. ஏழாம் நாள் ஓய்வின் நாள். அன்றும் சிலர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். ஒன்றும் காணாமல் திரும்பினார்கள்.

ஏழாம் நாளில் வெளியே போன அந்தச் சிலரை எண்ணிப் பார்க்கிறேன். அவர்கள் பேராசைக்காரர் அல்லர் என்றே எனக்குத் தோன்றுகிறது. தலைமுறை தலைமுறையாக அடிமைகளாயிருந்தவர்கள் அவர்கள். அடிமைக்கு ஓய்வு கிடையாது. ஒருநாள் உழைக்காவிட்டால் அடியும் பட்டினியுமே என்று பழகிப்போன உடம்புக்கு, வீட்டில் இருந்தாலும் சோறு உண்டு என்பதை நம்ப முடியவில்லை. நம்மில் பலரும் அப்படித்தான் பழகியிருக்கிறோம். ஓய்வுநாளைக் கர்த்தர் கட்டளையாகவே கொடுத்ததற்குக் காரணம் இதுவே என்பது என் கருத்து. விருப்பத்துக்கு விட்டிருந்தால் நாம் ஒருபோதும் ஓய்ந்திருக்கமாட்டோம்.

அந்தக் கட்டளையை உபாகமம் சொல்லும் விதத்தையும் பாருங்கள். வேலைக்காரனும் வேலைக்காரியும் மாடும் கழுதையும் ஊரில் தங்கிய அந்நியனும் ஓய்ந்திருக்கவேண்டும் என்கிறது. ஓய்வு வீட்டுத் தலைவனுக்கு மட்டும் உரிய சலுகை அன்று. அவனுக்காக உழைப்போர் அனைவருக்கும் அவன் கொடுக்கவேண்டிய கடன். நோயாளியைக் கவனிக்கும் பொறுப்பு நம் குடும்பங்களில் பெரும்பாலும் ஒரே ஒரு பெண்ணின்மேல் விழுகிறது. மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்தக வரிசையில் நிற்பவரும், பில் கட்டுபவரும், இரவில் டிரிப் முடிந்துவிட்டதா என்று எழுந்தெழுந்து பார்ப்பவரும் அவரே. அவருக்கு ஓய்வுநாள் எது என்று அக்குடும்பம் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏழைக்கு ஓய்வு ஏது?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மாதச் சம்பளமும் விடுப்பும் உள்ளவர்களுக்கு இப்பேச்சு எளிது. அன்றாடம் கூலிக்குப் போகிறவருக்கு ஒருநாள் ஓய்வு என்பது ஒருநாள் பட்டினி அல்லவா? தேவன் பார்த்துக்கொள்வார் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போவது எவ்வளவு கொடுமை!

இந்த மறுப்பை நான் முழுவதும் ஏற்கிறேன். வேதமும் ஏற்கிறது. தேவன் போஷிக்கிறார் என்பதற்கு, வானத்திலிருந்து எல்லாம் தானாக விழும் என்று பொருளில்லை. இதே எலியாவுக்குக் கேரீத் ஆற்றண்டையில் காகங்கள் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தன; அந்த ஆறு வற்றியபின் அவரைத் தேவன் அனுப்பியது சாறிபாத் ஊரில் ஒரு விதவையின் வீட்டுக்கு. அவளே வறியவள். பானையில் ஒருபிடி மாவும் கலசத்தில் சிறிது எண்ணெயும் தவிர அவளிடம் வேறொன்றுமில்லை. அவள் தன் கையால் சுட்டுக் கொடுத்த அடையில்தான் எலியா தேவனுடைய பராமரிப்பைக் கண்டார். அவர் வந்ததால் அவள் வீட்டுப் பானையும் வெறுமையாகவில்லை. தேவனுடைய பராமரிப்பு பெரும்பாலும் மனிதக் கைகளின் வழியே வருகிறது.

ஆகவே விசுவாசிகள் என்று சொல்லிக்கொள்வோர்மீது ஒரு பொறுப்பு விழுகிறது. ஒருவர் படுத்திருக்கும்போது அவர் வீட்டு அடுப்பு எரிகிறதா, அவர் பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று பார்ப்பது சபையின் வேலை, தெருவின் வேலை, உறவின் வேலை. அதைச் செய்யாமல் ஜெபிக்கிறோம் என்று மட்டும் சொல்லிச் செல்வது போதாது. பெற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல்: கேட்பதில் வெட்கம் வேண்டாம். மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் உங்கள் நிலையைச் சொல்லுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் போன்ற உதவிகளுக்கு நீங்கள் தகுதியுடையவரா என்று விசாரியுங்கள். எலியா அந்த விதவையிடம் வாய்விட்டுத் தண்ணீரும் அப்பமும் கேட்டார். கேட்டதால் அவருடைய விசுவாசம் குறைந்துவிடவில்லை.

மருந்தும் ஜெபமும்

ஓய்ந்திருந்து தேவனை நம்புவது என்பதைச் சிலர் தவறாக எடுத்துக்கொண்டு, மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். தேதி குறித்த அறுவைச் சிகிச்சைக்கு வராமல் இருந்துவிடுகிறார்கள். இது வேதம் கற்பிக்கும் நம்பிக்கை அன்று. எசேக்கியா ராஜா மரணத்துக்கேதுவாக வியாதிப்பட்டபோது கண்ணீரோடு ஜெபித்தார். தேவன் அந்த ஜெபத்தைக் கேட்டார். அதே அதிகாரத்தில் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் செய்து புண்ணின்மேல் வைக்கச் சொன்னதும் எழுதப்பட்டிருக்கிறது. ஜெபமும் மருந்துக் கட்டும் ஒரே வரலாற்றில் அருகருகே நிற்கின்றன. பவுலின் பயணங்களில் உடனிருந்த லூக்கா ஒரு மருத்துவர் என்பதையும் நாம் மறப்பதற்கில்லை.

அவ்வாறே ஓய்வு என்பது எந்நேரமும் அசையாமல் கிடப்பதும் அன்று. நெடுநாள் அசைவின்றிப் படுத்திருந்தால் தசைகள் மெலியும். படுக்கைப் புண் உண்டாகும். கால்களின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. எனவே மருத்துவரோ இயன்முறை மருத்துவரோ எழுந்து நான்கு அடி நடக்கச் சொன்னால், வலித்தாலும் நடப்பதே கீழ்ப்படிதல். அவர்கள் உறங்கச் சொன்னால் உறங்குவது கீழ்ப்படிதல். ஆழ்ந்த உறக்கத்தில் உடல் வளர்ச்சிக்கும் திசுக்களின் சீரமைப்புக்கும் உரிய இயக்குநீரை மிகுதியாகச் சுரக்கிறது. நாம் அறியாத வேளையிலும் நம்மில் ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

உடனிருப்போருக்கும் இது பொருந்தும். உறக்கம் கெட்டவரின் கவனம் சிதறுகிறது. காலையில் கொடுக்கவேண்டிய மாத்திரை இரவுக்கு மாறிவிடுகிறது. மருத்துவர் சொன்னது பாதி மறந்துபோகிறது. அற்பக் காரியத்துக்கும் நோயாளியிடம் எரிச்சல் வருகிறது. உங்கள் ஓய்வு நோயாளியிடமிருந்து திருடிய நேரம் அன்று. அவருடைய சிகிச்சையின் ஒரு பகுதி. அமலேக்கியரோடு யுத்தம் நடந்தபோது மோசேயின் கைகள் உயர்ந்திருக்கவேண்டியிருந்தது. கைகள் அசந்தபோது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கவில்லை. ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள்; அவர் அதன்மேல் உட்கார்ந்தார்; ஆரோனும் ஊரும் இருபுறமும் நின்று அவர் கைகளைத் தாங்கினார்கள். உங்களுக்கும் ஓர் ஆரோனும் ஓர் ஊரும் வேண்டும். தம்பியோ மைத்துனியோ பக்கத்து வீட்டு அக்காவோ, இன்றிரவு நான் இருக்கிறேன் என்று முன்வந்தால், வேண்டாம் என்று மறுக்காதீர்கள். மருந்து நேரங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, மனச்சாட்சி உறுத்தாமல் வீட்டுக்குப் போங்கள்.

வேறொரு வழியில் தொடக்கம்

ஓய்வுக்குப் பின் வரும் புதிய தொடக்கம் எப்படிப்பட்டது? பழைய வாழ்க்கை அப்படியே திரும்பி வருவதுதான் நாம் எல்லாரும் வேண்டுவது. சிலருக்கு அது கிடைக்கிறது, அதற்காகக் களிகூருவோம். ஆனால் எப்போதும் அப்படி நிகழ்வதில்லை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வரலாற்றில் மருத்துவர் மேரி வர்கீஸ் என்பவரை அறிவோர் பலர். 1925இல் கேரளத்தில் பிறந்தவர். இளம் மருத்துவராய் வேலூரில் பணியாற்றிவந்தபோது 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் அவருடைய முதுகுத்தண்டு சேதமடைந்தது. கால்கள் இரண்டும் செயலிழந்தன. நோயாளிகளின் கட்டிலருகே நின்றவர், மாதக்கணக்கில் தாமே கட்டிலில் கிடந்தார். அவர் எழுந்து நடக்கவேண்டும் என்று ஜெபித்தோர் பலர் இருந்திருப்பர். அவர் நடக்கவில்லை.

ஆயினும் அவரது கதை அங்கே முடியவில்லை. தொழுநோயால் முடங்கிய கைகளை அறுவைச் சிகிச்சையால் சீர்செய்வதில் முன்னோடியாயிருந்த மருத்துவர் பால் பிராண்ட் அப்போது வேலூரில் இருந்தார். கைகளுக்கான அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து அதைக் கற்றார். மடங்கிப்போன பல கைகளை விரியச் செய்தார். பின்னர் நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் என்னும் புகழ்பெற்ற மருத்துவரின் நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். வேலூர் திரும்பி 1963இல் அத்துறையின் தலைமையை ஏற்றார். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டோர் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் 1966இல் அங்கே எழுந்தது. 1972இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1986இல் அவர் மறைந்தார்.

விபத்தைத் தேவன் அனுப்பினார் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. பிறருடைய துன்பத்துக்கு அப்படி விளக்கம் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை என்றே எண்ணுகிறேன். நான் சொல்வது இவ்வளவே: அவருக்குக் கிடைத்த புதிய தொடக்கம் இழந்ததன் மீட்சி அன்று, இருந்ததிலிருந்து எழுந்தது. கால்கள் திரும்பவில்லை, கைகள் இருந்தன. அக்கைகளுக்கு ஒரு வேலை இருந்தது. எலியாவுக்கும் அப்படித்தான். ஓரேப் மலையில் அவர் பழைய வீரத்தைத் திரும்பப் பெற்றதாக நாம் வாசிப்பதில்லை. செய்யவேண்டிய சில காரியங்கள் அவருக்குச் சொல்லப்பட்டன. தாம் ஒருவரே மீந்திருப்பதாக எண்ணியவருக்கு, இன்னும் 7,000 பேர் உண்டு என்று தெரிவிக்கப்பட்டது. கூடவே எலிசா என்னும் துணையும் கிடைத்தது. தனியே ஓடிவந்தவர் துணையோடு வாழ்ந்தார்.

நோய் குணமாகாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்ட வீடுகளும் உண்டு. அவ்வீட்டாருக்கு எளிய ஆறுதலை நான் வைத்திருக்கவில்லை. தம் சரீரத்திலிருந்த முள் நீங்கவேண்டும் என்று பவுல் மூன்று முறை வேண்டிக்கொண்டார்; அது நீங்கவில்லை; அதைத் தாங்கும் கிருபையே கொடுக்கப்பட்டது. லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்னும் கிறிஸ்தவ மருத்துவர் 1967இல் புனித கிறிஸ்தபர் இல்லத்தைத் தொடங்கியதும் இத்தகையோருக்காகவே. குணமாக்க முடியாத இடத்திலும் வலியைத் தணிக்கலாம், உறங்க வைக்கலாம், அருகில் இருக்கலாம் என்று அவர் செய்து காட்டினார். இன்று வலி தணிப்புச் சிகிச்சை நம் ஊர்களிலும் கிடைக்கிறது. அதை நாடுவது நம்பிக்கையைக் கைவிடுவது ஆகாது. இறுதி நாட்களில் நெடுநாள் பேசாதிருந்த அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வது ஒரு புதிய தொடக்கம். தாயின் கையைப் பிடித்துக்கொண்டு மகள் அச்சமின்றி உறங்குவதும் அப்படியே.

ஆகவே, அன்பானவர்களே, இன்று இந்த ஒன்றை மட்டும் செய்யுங்கள். படுத்திருப்பவரானால், இன்றைய உணவையும் இன்றைய மருந்தையும் இன்றைய உறக்கத்தையும் நன்றியோடு பெற்றுக்கொள்ளுங்கள். அடுத்த மாதத்தின் கவலையை இன்றிரவு தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டாம். உடனிருப்பவரானால், உங்களை ஓர் இரவு மாற்றிவிடக்கூடிய ஒருவரின் பெயரை நினைத்து, இன்றே அவரிடம் பேசுங்கள். நலம் விசாரிக்க வருகிறவரானால், அறிவுரையைப் பிறகு வைத்துக்கொண்டு முதலில் உணவுப் பாத்திரத்தைக் கொண்டுவாருங்கள். போகவேண்டிய வழி இன்னும் இருக்கிறது. அதற்கான பலத்தைத் தருகிறவர் நம்மை உறங்கச் சொல்கிறார்.